தப்பான கரையில் ஒரு துறைமுகம்

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் காலை நேரத்தில் சிதம்பரம் பக்கம் போகிற பாசஞ்சருக்குக் காத்து நிற்கும் கல்லூரிக் கூட்டத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பாதிப் பேர் கையில் போன், சிலர் கையில் டேப்லெட். ரயில் வந்து, இடித்துப் பிடித்து ஏறி, உட்கார இடம் கிடைத்ததும் முதல் வேலையாகப் பையிலிருந்து பவர் பேங்க் வெளியே வரும். ராத்திரி சார்ஜ் போட மறந்த டேப்லெட்டில் ஒயரைச் செருகி, மடியில் வைத்து, அன்றைக்கு நடக்கப்போகிற இன்டர்னல் தேர்வுக்கான நோட்ஸைத் திறப்பார்கள்.

வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தால் சார்ஜர் துளை கீழே வருகிறது, ஒயர் வயிற்றில் குத்துகிறது. குத்தாமல் இருக்கத் தூக்கிப் பிடித்தால் பரங்கிப்பேட்டை வருவதற்குள் கை ஓய்ந்துவிடும். படுக்கைவாட்டில் திருப்பினால் துளை வலது பக்கம் போய், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இடுப்பில் இடிக்கிறது. அவர் முறைக்கிறார். சரி என்று எதிர்ப்பக்கம் சுற்றித் துளையை இடது கைப்பக்கம் கொண்டுவந்தால், இப்போது பவர் பட்டனும் சத்தம் கூட்டிக் குறைக்கிற பட்டனும் அடிப்பக்கம் போய்விட்டன. தொடையில் அழுந்தித் திரை அணைந்துபோகிறது. மறுபடி கடவுச்சொல், மறுபடி அதே பக்கத்தைத் தேடல். கல்லில் கட்டிக் கடலில் தள்ளிய அப்பரே கரையேறினார் என்று தலபுராணம் சொல்கிற ஊர் இது. ஒரு ஒயர் கரையேற இத்தனை பாடா? :-)

இதே ரயில் பாதையில் அடுத்தது கடலூர் துறைமுகம் ஸ்டேஷன். கணினியில் 'போர்ட்' என்று சொல்கிற சமாச்சாரத்துக்குத் தமிழ்க் கலைச்சொல் 'துறை'. யார் வைத்த பெயரோ, பொருத்தமான பெயர். உப்பனாற்று முகத்துவாரத்தில் இருக்கிற கடலூர் துறைமுகத்தில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க ஆழம் போதாது. அதனால் கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு நிற்க, சரக்கைப் படகுகளில் ஏற்றி இறக்குகிற நங்கூரத் துறைமுகமாகவே அது நெடுங்காலம் இருந்தது. கப்பலில் குறையில்லை, சரக்கிலும் குறையில்லை. துறை இருக்கிற இடத்தால் ஒவ்வொரு மூட்டைக்கும் இரட்டை வேலை. ஆனால் ஆறும் கடலும் மனிதன் வைத்த இடத்தில் இல்லை, அதனால் யாரையும் குறைசொல்ல முடியாது. டேப்லெட்டின் துளை அப்படியில்லை. அதை யாரோ ஒருவர் மேஜையில் உட்கார்ந்து, படம் வரைந்து, இங்கே இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறார். அவர் யாரை நினைத்து முடிவு செய்தார் என்பதுதான் கேள்வி.

சமாச்சாரம் இதுதான். சார்ஜர் துளையின் வடிவம் என்ன என்பதற்காக உலகம் பதினைந்து வருடம் சண்டைபோட்டு ஜெயித்துவிட்டது. ஆனால் அது எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவே இல்லை. கேட்காதவரை அது தயாரிப்பவரின் வசதிக்குத்தான் இருக்கும், பிடிப்பவரின் வசதிக்கு இருக்காது.

வடிவத்தின் கதையை முதலில் பார்த்துவிடலாம். 2000களில் ஒரு வீட்டில் நான்கு போன் இருந்தால் நான்கு சார்ஜர் இருக்கும். நோக்கியாவுக்குள்ளேயே பெரிய பின், சின்ன பின் என்று இரண்டு ஜாதி. பெரியது 3.5 மில்லிமீட்டர், சின்னது 2 மில்லிமீட்டர். சோனி எரிக்ஸனுக்குப் பட்டையாக ஒன்று, சாம்சங்குக்கு வேறொன்று. "அக்கா, சின்ன பின் இருக்கா?" என்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டாதவர் அந்தத் தலைமுறையில் அபூர்வம். 2009இல் ஐரோப்பிய ஆணையம் செல்போன் கம்பெனிகளைக் கூப்பிட்டுப் பேசி மைக்ரோ யு.எஸ்.பி.க்கு ஒப்புக்கொள்ள வைத்தது. ஆனால் அது வெறும் ஒப்பந்தம். ஆப்பிள் ஒரு அடாப்டரைக் காட்டித் தப்பித்துக்கொண்டது. பிறகு 2022இல் சட்டமே வந்தது. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகச் சந்தைக்கு வரும் போன், டேப்லெட், கேமரா, ஹெட்போன், மவுஸ் எல்லாவற்றுக்கும் டைப்-சி. லேப்டாப்புக்கு 2026 ஏப்ரல் 28 என்று நாள் குறித்தது. இப்படிக் கட்டாயப்படுத்தினால் புதுமை செத்துவிடும் என்று வாதாடிய ஆப்பிள், கெடுவுக்கு முன்பே 2023 செப்டம்பரில் ஐபோன் 15ஐ டைப்-சியோடு வெளியிட்டது. புதுமை ஒன்றும் சாகவில்லை. இந்தியாவிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் டைப்-சிக்குத் தரநிலை வெளியிட்டிருக்கிறது.

நல்லது. இப்போது அந்த ஐரோப்பியச் சட்டத்தின் ஒரு வாசகத்தைக் கவனிக்க வேண்டும். டைப்-சி துளை எப்போதும் எட்டக்கூடியதாகவும் வேலை செய்வதாகவும் இருக்க வேண்டும் என்கிறது அது. நல்ல எண்ணம்தான். ஆனால் எந்த விளிம்பு என்றோ, சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது பொருளை வழக்கம்போலப் பயன்படுத்த முடிய வேண்டும் என்றோ சொல்லவில்லை. இதன் விளைவைப் பார்க்க வேண்டுமானால் ஆப்பிளின் மேஜிக் மவுஸைப் பாருங்கள். 2015இல் வந்த மாடலில் சார்ஜர் துளை மவுஸின் வயிற்றில், அதாவது மேஜையில் படுகிற பக்கத்தில் இருந்தது. ஒயரைச் செருகினால் செத்த கரப்பான்பூச்சி மாதிரி மவுஸ் மல்லாந்து கிடக்கும், வேலை செய்ய முடியாது. உலகமே சிரித்தது. ஒன்பது வருடம் கழித்து 2024இல் அதே மவுஸுக்கு டைப்-சி வந்தது. துளை எங்கே? அதே வயிற்றில். வடிவம் மாறியது, இடம் மாறவில்லை. இந்த விவகாரம் முழுவதையும் புரிந்துகொள்ள இந்த ஒரு மவுஸ் போதும்.

சரி, டேப்லெட்டில் துளை ஏன் குறுகிய விளிம்பின் நடுவில் இருக்கிறது? காரணம் போன். போனைக் காதில் வைத்துப் பேசுகிறார்கள், வாய்க்குப் பக்கத்தில் மைக் வேண்டும், அதனால் மைக் கீழே. மேலே கேமராவும் மெயின் போர்டும், நடுவில் பேட்டரி, கீழே மைக், ஸ்பீக்கர், சார்ஜிங் பின் மூன்றையும் சுமக்கிற ஒரு குட்டி போர்டு. பிரித்துப் போட்ட போனைச் சர்வீஸ் கடையில் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு பழக்கம். போனுக்கு இது நியாயமான ஏற்பாடு. ஆனால் டேப்லெட்டைக் காதில் வைத்துப் பேசுகிற ஆசாமி யார்? அதைப் படிக்கிறார்கள், அதில் எழுதுகிறார்கள், சாய்த்து வைத்து வகுப்பு கேட்கிறார்கள். வேலை வேறு, பிடி வேறு. இருந்தும் பல டேப்லெட்டுகள் போனை ஊதிப் பெரிதாக்கிய மாதிரியே வருகின்றன. முன்கேமரா விஷயத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த கூத்து. படுக்கைவாட்டில் வைத்து வீடியோ வகுப்பில் உட்கார்ந்தால் கேமரா ஓரத்தில் இருக்கும், மாணவர் எங்கோ சுவரைப் பார்த்துப் பேசுகிற மாதிரி தெரியும். 2010இல் முதல் ஐபேட் வந்தது. ஐபேடின் முன்கேமரா நீண்ட விளிம்புக்கு நகர்ந்தது 2022இல்தான். ஒரு கேமராவை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்த்த இத்தனை வருடம்!

இது வெறும் அசௌகரியம், இதற்குப் போய் இத்தனை கூச்சலா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டிலோ சிதம்பரம் கடைத்தெருவிலோ ஏதாவது ஒரு செல்போன் சர்வீஸ் கடை வாசலில் அரை மணி நேரம் நிற்கலாம். "சார்ஜ் ஏற மாட்டேங்குது", "ஒயரை ஒரு பக்கமா அழுத்திப் பிடிச்சாத்தான் ஏறுது" என்ற இரண்டு வசனங்கள் திரும்பத் திரும்பக் காதில் விழும். டைப்-சி துளையைப் பத்தாயிரம் தடவை செருகி எடுக்கலாம் என்பது தரக்கணக்கு. தினம் மூன்று தடவை என்றாலும் ஒன்பது வருடம் தாங்க வேண்டும். ஏன் தாங்குவதில்லை? அந்தக் கணக்கு நேராகச் செருகி நேராக உருவுகிற கணக்கு. மடியில் வைத்து, வயிற்றில் அழுந்தி, ஒயர் வளைந்து, ரயில் குலுங்குகிற ஒவ்வொரு தடவையும் பின் நெம்புகோல் மாதிரி வேலை செய்தால் என்ன ஆகும்? துளைக்குள் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கிற அந்த மெல்லிய நாக்கு ஆட்டம் கண்டுவிடும். கடலோர ஊரில் உப்புக்காற்றும் ஈரமும் வேறு. ஈரப்பதம் உள்ளே இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் உலோகம் சீக்கிரம் அரித்துப்போகும்.

அதற்குப் பிறகு நடப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. துளை தனிக் குட்டி போர்டில் இருந்தால் அதை மட்டும் மாற்றிவிடலாம், கொஞ்சம் பணத்தோடு போகும். மெயின் போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியிருந்தால் வேலை நுணுக்கமானது. கை தவறினால் மொத்தமும் போச்சு. ஆக துளை இருக்கிற இடம் என்பது வெளியே எந்த விளிம்பு என்பது மட்டுமில்லை, உள்ளே எந்தப் பலகை என்பதும்தான். வாங்கும்போது பெட்டியில் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். சார்ஜிங் பின் எந்தப் பலகையில் உட்கார்ந்திருக்கிறது என்று எந்தப் பெட்டியாவது சொல்கிறதா?

இதில் முதலில் விழித்துக்கொண்டது தெருவோரக் கடைதான். முனை எல் எழுத்து மாதிரி வளைந்த ஒயர் இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது. வயிற்றில் குத்தாது, பின்னும் அவ்வளவாக நெம்பாது. மாணவன் தன் காசைப் போட்டு, கம்பெனி செய்த தப்பைத் திருத்திக்கொள்கிறான். கடலூர் துறைமுகத்தின் படகு மாதிரிதான் இந்த எல் ஒயரும். துறை சரியான இடத்தில் இருந்திருந்தால் தேவைப்பட்டிருக்காது.

கம்பெனிகளின் வழக்கமான பதில் ஒன்று உண்டு. பிடிக்கிறவரைக் குறைசொல்வது. 2010இல் ஐபோன் 4 வந்தபோது, அதன் விளிம்பில் ஆன்டெனா இருந்த இடத்தைக் கையால் மூடிப் பிடித்தால் சிக்னல் விழுந்தது. அப்படிப் பிடிப்பதைத் தவிர்த்துவிடுங்கள் என்ற பாணியில் ஸ்டீவ் ஜாப்ஸிடமிருந்து பதில் வந்தது. கடைசியில் அந்தக் கம்பெனியே விளிம்பை மறைக்கிற உறையை இலவசமாகக் கொடுக்க நேர்ந்தது. அமேசானின் முதல் கிண்டில் 2007இல் வந்தபோது, இரண்டு விளிம்பிலும் பக்கம் புரட்டுகிற நீளமான பட்டன்கள் இருந்தன. சும்மா கையில் எடுத்தாலே பக்கம் புரண்டுவிடுகிறது என்று வாங்கியவர்கள் புலம்பினார்கள். அடுத்த மாடலில் பட்டன் சின்னதானது. ஆக, மாற்ற முடியாது என்பது பொய். கத்தினால் மாற்றுகிறார்கள்.

இன்னும் நல்ல உதாரணமும் அதே கிண்டிலில் இருக்கிறது. 2016இல் வந்த கிண்டில் ஒயாசிஸில் பட்டன்கள் ஒரே பக்கத்தில்தான். ஆனால் தலைகீழாகத் திருப்பினால் எழுத்துகளும் கூடவே திரும்பிக்கொள்ளும். வலது கைக்காரருக்கும் இடது கைக்காரருக்கும் ஒரே பொருள், ஒரே மரியாதை. பத்துப் பேரில் ஒருவர் இடது கைக்காரர் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. ஐம்பது பேர் உட்காரும் வகுப்பில் ஐந்து பேர். பேனா வைத்து எழுதுகிற டேப்லெட்டில் ஒயர் எழுதுகிற கையின் பக்கம் வந்தால் அந்த ஐந்து பேர் என்ன செய்வார்கள் என்று எந்த வடிவமைப்பாளர் யோசித்தார்?

எல்லாவற்றிலும் எரிச்சல் தருவது இதுதான். விளையாடுகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. 2018இல் அசுஸ் கம்பெனி விளையாட்டுக்கென்று கொண்டுவந்த ஆர்.ஓ.ஜி. போனில் பக்கவாட்டு விளிம்பிலும் ஒரு சார்ஜிங் துளை வைத்தார்கள். படுக்கைவாட்டில் பிடித்து ஆடும்போது ஒயர் கையை இடிக்கக் கூடாதாம். நின்டென்டோவின் ஸ்விட்ச் 2017இல் வந்தபோது துளை அடியில் மட்டும் இருந்தது. மேஜையில் நிறுத்தி வைத்து ஆடினால் சார்ஜ் போட முடியாது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2இல் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு டைப்-சி துளைகள். ஆக அறிவு இருக்கிறது, இடம் இருக்கிறது, செய்து காட்டியும் ஆகிவிட்டது. விளையாடுகிறவன் கை இடிக்கக் கூடாது, படிக்கிறவள் வயிற்றில் குத்தலாம். இது தொழில்நுட்பக் குறையா, மரியாதைக் குறையா?

இரண்டு துளை வைத்தால் விலை ஏறிவிடும் என்று ஜல்லியடிப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 2011 அக்டோபர் 5ஆம் தேதி டில்லியில் கபில் சிபல் வெளியிட்ட ஆகாஷ் டேப்லெட் ஞாபகம் இருக்கிறதா? டேட்டாவிண்ட் கம்பெனி செய்து கொடுத்தது. அரசு வாங்கிய விலை 3,000 ரூபாய்க்கும் கீழே. உலகத்திலேயே மலிவான டேப்லெட் என்று பேர் வாங்கி, அழுத்தி அழுத்தித் தொட வேண்டிய திரைக்கும் ஆமை வேகத்துக்கும் திட்டு வாங்கிய பொருள். அந்த ஆகாஷிலேயே முழு அளவு யு.எஸ்.பி. துளைகள் இரண்டு இருந்தன. பென் டிரைவையும் கீபோர்டையும் நேராகச் செருகலாம். ஆகாஷ் தோற்றதற்குக் காரணம் ஆயிரம் உண்டு, துளை அதில் சேராது. பத்து மடங்கு விலை கொடுத்து வாங்குகிற டேப்லெட்டில் ஒற்றைத் துளையோடு திருப்தி அடையச் சொல்வது என்ன நியாயம்?

வயர்லெஸ் சார்ஜிங் வந்துவிட்டது, துளையே காலாவதி என்பது இன்னொரு வாதம். மாணவர் வாங்குகிற விலையில் வருகிற டேப்லெட்டுகளில் அது கிடையாது. இருந்தாலும் அது தட்டில் அசையாமல் படுத்துக் கிடக்க வேண்டிய சமாச்சாரம். ஆலப்பாக்கத்துக்கும் கிள்ளைக்கும் நடுவே ஆடிக்கொண்டு போகிற பெட்டியில் யார் மடியில் தட்டு வைப்பது?

துளை பணத்தையும் பொறுமையையும்தான் கெடுக்கிறது. பட்டன் இடம் மாறினால் உயிர் விவகாரம். இதற்கு இந்தியாவிலேயே ஒரு சட்டம் சாட்சி. பெண்களின் பாதுகாப்புக்காக 2016 ஏப்ரலில் மத்திய தொலைத்தொடர்புத் துறை ஒரு விதி கொண்டுவந்தது. 2017 ஜனவரி 1 முதல் விற்கிற ஒவ்வொரு செல்போனிலும் ஆபத்துக்கால பட்டன் வேண்டும். சாதாரணப் போனில் 5 அல்லது 9ஐ நீண்ட நேரம் அழுத்தினால் அவசர அழைப்பு போக வேண்டும். ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை மூன்று தடவை படபடவென்று அழுத்தினாலும் போக வேண்டும். எந்தப் பட்டன், எத்தனை தடவை என்று அரசு எழுதிவைக்க முடியும் என்பதற்கு இதைவிட நிரூபணம் வேண்டுமா?

அதிலும் 5ஆம் எண்ணைக் கவனியுங்கள். பட்டன் போனில் 5இன் மேல் ஒரு சின்ன மேடு இருக்கும். பார்வையில்லாதவர் அந்த மேட்டை விரலால் தடவி, அதிலிருந்து மற்ற எட்டு எண்களையும் பூஜ்ஜியத்தையும் கண்டுபிடிப்பார். இருட்டிலும், பைக்குள்ளும், பயத்தில் கை நடுங்கும்போதும் விரல் அந்த இடத்துக்குப் போய்விடும். கடுகளவு பிளாஸ்டிக், செலவு ஒன்றுமில்லை. சாதனங்களின் வரலாற்றில் இதைவிட நல்ல பட்டன் வடிவமைப்பைக் காட்டுவது கஷ்டம்.

ஸ்மார்ட்போனுக்கு வந்ததும் அந்த அக்கறை காணாமல் போனது. மூன்று தடவை அழுத்து என்று விதி சொல்கிறது, பவர் பட்டன் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு மாடலில் சத்தப் பட்டனுக்கு மேலே, இன்னொன்றில் கீழே, மற்றொன்றில் எதிர் விளிம்பில். சிலவற்றில் கைரேகை உணரியோடு சேர்ந்து விளிம்போடு விளிம்பாக அமுங்கிக் கிடக்கும், தடவினால் தெரியாது. போன் மாற்றிய ஒரு பெண், ஆபத்து வருகிற அந்த நொடியில் பழைய போனின் இடத்தை அழுத்தினால் சத்தம் கூடும், உதவி வராது. எதிர்ப்பக்கத் தப்பும் நடக்கிறது. பவர் பட்டனை ஐந்து தடவை அழுத்தினால் அவசர அழைப்பு போகிற ஆண்ட்ராய்டு வசதி பரவியதும், பைக்குள் அழுந்தித் தானாகப் போகிற அழைப்புகளால் அவசர எண் திணறுகிறது என்று 2023இல் பிரிட்டன் போலீஸ் எச்சரித்தது. வேண்டும்போது கிடைக்காமல், வேண்டாதபோது அழுந்துகிற பட்டன் தப்பான இடத்தில் இருக்கிற பட்டன்தான். பற்றாக்குறைக்கு, இப்போது பல போன்களில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் போன் அணைவதில்லை. உதவியாளர் ஒருவர் வந்து என்ன வேண்டும் என்று விசாரிக்கிறார்!

இதெல்லாம் தனி மனிதர் கடையில் கேட்டு நடக்கிற காரியமா? நடக்காது. ஒரு போன் வாங்குகிறவர் பேச்சுக்கு எடை இல்லை. லட்சக்கணக்கில் வாங்குகிறவர் பேச்சுக்கு உண்டு. தமிழ்நாட்டில் அப்படி வாங்குகிறவர் ஒருவர் இருக்கிறார். அது அரசாங்கம். 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் நிறுவனம் லட்சக்கணக்கில் வாங்கியது. மூடியில் முதலமைச்சர் படம் அச்சடித்து வந்த அந்த மடிக்கணினிகளைக் கடலூர் மாவட்டத்தில் பார்க்காத தெரு கிடையாது. படம் எங்கே வர வேண்டும் என்று யோசிக்க முடிந்த இடத்தில், துளை எங்கே வர வேண்டும் என்றும் யோசிக்கலாம். 2024இல் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி வழங்கத் தொடங்கினார்கள். நின்றுகொண்டே ஒரு கையில் பிடித்து, மறுகையால் குழந்தைகளின் விவரத்தைப் பதிகிற வேலை அவர்களுடையது. 2025 மார்ச் 14 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தார்கள். 20 லட்சம் பொருள் வாங்குகிற வாடிக்கையாளர் கேட்டால் எந்தக் கம்பெனி மாட்டேன் என்று சொல்லும்?

கேட்பதற்குச் சட்ட ஆதாரமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அன்றாடம் பயன்படுகிற மின்னணுப் பொருள்கள் எல்லோருக்கும் ஏற்ற வடிவமைப்பில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. ஒரு கையால் வேலை செய்பவர், விரலில் பிடிமானம் குறைந்தவர், பார்வையில்லாதவர் எல்லோரும் சார்ஜ் போடுகிறவர்கள்தான். எனவே எந்த ஆட்சி வாங்கினாலும், அடுத்த டெண்டரில் ராம், மெமரி, பேட்டரி வரிசையோடு கூட இந்த ஐந்து வரிகளும் இருக்க வேண்டும்:

1. டேப்லெட் என்றால் குறுகிய விளிம்பில் ஒன்று, நீண்ட விளிம்பில் ஒன்று என இரண்டு இடத்தில் சார்ஜ் போட வசதி. எதில் செருகினாலும் ஏற வேண்டும்.

2. சார்ஜிங் துளை தனிச் சிறு போர்டில். அந்த போர்டு உத்தரவாதக் காலம் முடிந்த பிறகும் சில வருடங்களுக்கு உள்ளூர்க் கடையில் கிடைக்க வேண்டும்.

3. பவர் பட்டனைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே தெரிய வேண்டும். 5ஆம் எண்ணின் மேடு மாதிரி ஒரு மேடு போதும்.

4. எந்தப் பக்கம் சாய்த்து நிறுத்தினாலும் பட்டன் அடியில் சிக்கித் தானாக அழுந்தக் கூடாது.

5. வாங்குவதற்கு முன் மாதிரியை மாணவர்கள் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். இடது கைக்காரரும் பார்வையில்லாதவரும் அந்தக் குழுவில் இருக்க வேண்டும். சோதனைக்கூடம் தேவையில்லை. சார்ஜர் செருகி ஒரு பெஞ்சில் நெருக்கி உட்காரவைத்து அரை மணி நேரம் படிக்கச் சொன்னால் போதும்.

ஐந்தில் எதுவும் விண்வெளி விஞ்ஞானம் கிடையாது. ஐந்துமே ஏதாவது ஒரு பொருளில், ஏதாவது ஒரு வேலையில், யாரோ செய்து காட்டியதுதான். ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா போன்கள் தயாராயின. இன்று அதே பக்கத்தில் ஐபோன்கள் தயாராகின்றன. அந்தத் துளைகளைப் பொருத்திச் சரிபார்க்கிறவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டு இளம்பெண்கள். செய்கிற கை இங்கே இருக்கிறது, பிடிக்கிற கையும் இங்கே இருக்கிறது. தீர்மானிக்கிற கை மட்டும் வேறெங்கோ இருப்பதால்தான் இந்தக் குழப்பம். அந்தக் கைக்குத் தகவல் போகிற ஒரே வழி வாங்குகிறவரின் கண்டிப்பு.

கிள்ளை தாண்டி சிதம்பரம் வரப்போகிறது. ஜன்னலோரத்தில் இருந்த மாணவி ஒயரை உருவிச் சுருட்டிப் பைக்குள் போடுகிறாள். ஐம்பது நிமிடத்தில் படித்து முடித்திருக்க வேண்டிய பாடத்தில் பாதிதான் முடிந்திருக்கிறது. மீதி நேரம் டேப்லெட்டைச் சுற்றிச் சுற்றி வைத்துப் பார்த்ததில் போனது. துளை லேசாக ஆட ஆரம்பித்திருப்பதை அவள் இன்னும் கவனிக்கவில்லை. இன்னும் இரண்டு மாதத்தில் லாரன்ஸ் ரோட்டுக் கடையில் நின்று, "ஒரு பக்கமா அழுத்திப் பிடிச்சாத்தான் ஏறுதுண்ணா" என்று சொல்லும்போது கவனிப்பாள். கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, மடியில் வைத்து சார்ஜ் போடாதேம்மா என்பார். அவளுக்கும் அது தன் தப்பு என்றுதான் தோன்றும்.